வெங்காயம் வராத நாள்

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், உன் அக்காவின் கண்களைத் தவிர. இந்த வாரம் முழுக்க நம் காய்கறிக் குளிர்பதன ஆலைக்கு வெங்காய லோடு. வெட்டுக்கூடத்துப் பெண்கள் சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் மாதிரி முகத்தோடு வெளியே வருகிறார்கள். உங்களைக் கட்டிக்கிட்ட அன்னிக்குக்கூட நான் இவ்வளவு அழலை என்கிறாள் உன் அக்கா. அதற்குப் பதில் சொல்லி இன்னொரு வம்பை ஏன் வாங்குவது என்று வாசல் பக்கம் நழுவிவிட்டேன்.

உன் கைபேசிக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொல்கிறாள். உன் அக்கா அவளிடமே, அவனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லும்மா என்று சொல்லிவிட்டு வைக்கிறாள். அதனால்தான் கப்பல் கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன். எந்தத் துறைமுகத்தில் உன் கைக்கு வருமோ, வரும்போது வரட்டும்.

பெரிய செய்தி, உன் கம்ப்யூட்டருக்கு ஆபரேஷன் நடந்தது. நீ கப்பலுக்குப் போகுமுன் இயந்திர அறையில் வைத்துவிட்டுப் போன அதே பழைய பெட்டிதான். சமீப காலமாக அது நடை தளர்ந்துபோயிருந்தது. நான் ஒரு வால்வைத் திறந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாலும் திரையில் அது இன்னும் மூடியே இருக்கும். குளிர் அறை வெப்பநிலை காலையில் எவ்வளவு இருந்தது என்பதை மத்தியானம் யோசித்துச் சொல்லும்.

இதற்கிடையே சின்ன முதலாளி வந்தார். நீ பார்த்ததில்லை, நம் முதலாளியின் மருமகன். வந்ததும் வெட்டுக்கூடம், பொட்டலம் போடும் இடம், லாரி நிற்கும் இடம் எல்லாவற்றிலும் கேமரா மாட்டினார். அந்தப் படமெல்லாம் தன் அறையில் ஒரு பெரிய திரையில் தெரிய வேண்டும், அதுவும் இந்தப் பெட்டியிலிருந்தே போக வேண்டும் என்றார். இந்த மெமரியில் கடிகாரம்கூட ஒழுங்காக ஓடாது சார் என்றார் கம்ப்யூட்டர் மெக்கானிக். புதிதாக ஒன்று வாங்கினால் நீ எழுதிய புரோகிராம் அதில் ஏறாதாம். உடம்பு அதுவே இருக்கட்டும், மூளையை மட்டும் பெரிசாக்கலாம் என்று முடிவாயிற்று.

மூடியைத் திறந்ததும் தலையணை ஒன்றுக்கு ஆகிற அளவு தூசி. மெக்கானிக் அதை ஊதித் தள்ளிவிட்டுப் பழைய மெமரி பட்டைகளைப் பிடுங்கினார், புதியவற்றின் தங்கப் பல்லை ரப்பரால் தேய்த்து அழுத்தினார். ஒன்று சரியாக உட்காரவில்லை. உடனே பெட்டி பசித்த குழந்தை மாதிரி விடாமல் பீப் பீப் என்று கத்தியது. எடுத்து மறுபடி அழுத்தியதும் அடங்கியது. அதுவரை பார்த்துவிட்டு நான் குளிர் இயந்திரத்தில் தேங்கிய எண்ணெயை வடிக்கப் போய்விட்டேன். அதற்கப்புறம் பெரிய திரைக்கான கார்டைச் செருக இடம் இல்லாமல், உள்ளே இருந்த ஏதோ பழைய மோடத்தைக் கழற்றினார்களாம். பின்னால் போகிற வயரைப் பார்த்துவிட்டு, இது டெலிபோன் இன்டர்நெட், லைனையே வெட்டி எத்தனையோ காலமாச்சு என்று நம் கணக்கர் சொன்னாராம். அவருக்குத்தான் தெரியாத விஷயம் கிடையாதே.

இப்போது பெட்டி குதிரை மாதிரி ஓடுகிறது. அதைவிட அதிசயம், குளிரூட்டும் வாயு கசிந்தால் அடிக்கும்படி நீ அந்தப் பெட்டியோடு கட்டிக் கொடுத்த மணி. முன்பெல்லாம் எண்ணெய் வடிக்கும்போது ஒரு துளி அம்மோனியா கசிந்தாலும் ஊரைக் கூட்டுமே, இப்போது சத்தமே இல்லை. திரையில் நாலு சென்சாருக்கும் நாலு கட்டம், நாலும் பச்சை. மெமரி கூடினதால் சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறுவதில்லை, நம்ம வீட்டம்மாவுக்கும் ஒரு பட்டை போட்டுவிடலாமா என்று லாரிக்காரர்கள் சிரிக்கிறார்கள். எல்லோரும் நிம்மதியாக வேலை செய்கிறோம். நீ ஒரு வரி எழுது மச்சான். மெமரி கூடினால் மணி குறையுமா?

என் மூக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். காய்ச்சலோடு போன வாசனை திரும்பி வரவில்லை. வீட்டில் உன் அக்காவுக்கும் கடலில் உனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஆலையில் நான் இன்னும் மூக்கண்ணன்தான். பெரிய மணி அடிக்குமுன் என் மேசைக்கடியில் மட்டும் கேட்கிற மாதிரி நீ ஒரு குட்டி மணி வைத்துக் கொடுத்தாயே, அந்தப் புண்ணியம். நான் எழுந்து வாசம் வருது என்பேன், அப்புறம்தான் ஊருக்கு மணி அடிக்கும். நாய் தோற்றது போங்கள் என்பார்கள்.

உன் அக்கா தனியாக எழுதுகிறாளாம். சட்டையில் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

உன் அன்புள்ள அத்தான்

* * *

அன்பு மச்சானுக்கு,

போன கடிதமே உன்னிடம் வந்து சேர்ந்திருக்காது. இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுத வேண்டாம். பதில் தெரிந்துவிட்டது.

எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தபோது என் கண் எரிந்தது. மூக்கில்லாதவனுக்குக் கண்தான் கடைசிச் சேதி. கண்ணுக்கு வந்துவிட்டால் வாயு ஏற்கெனவே அறைக்குள் நன்றாக நடமாடிவிட்டது என்று அர்த்தம். அதற்கு வெகு முன்னாலேயே குட்டி மணி என் காலடியில் முனகியிருக்க வேண்டும். நான் வால்வை மூடிவிட்டுத் திரையைப் பார்த்தேன். நாலும் பச்சை. நாலிலும் பூஜ்யம்.

சோதனைக்கென்று நீ வைத்துவிட்டுப் போன அம்மோனியா தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். ஒரு துணியை நனைத்துக் கம்பில் கட்டி, வெட்டுக்கூடத்துக்குப் போகிற நடைவழியில் இருக்கும் சென்சாருக்குக் கீழே பிடித்தேன். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது, மணி மூச்சு விடவில்லை. மற்ற மூன்றுக்கும் அப்படியே பிடித்தேன். அதே கதைதான்.

மேசைக்கடியில் தவழ்ந்துபோய்ப் பெட்டியின் பின்பக்கம் டார்ச் அடித்தேன். சென்சார்களிலிருந்து வருகிற உன் தடித்த வயர் எதிலும் செருகாமல் கிடந்தது. கிடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்கள். மெக்கானிக் சுத்தக்காரர். கணக்கர் மேசை இழுப்பறையில், காய்ந்துபோன பேனாக்களுக்கு நடுவே உன் கார்டு இருந்தது. மோடம் என்று கழற்றியது அதைத்தான்.

ஒன்று பார்த்தாயா மச்சான். மெமரி பட்டை அரைகுறையாக உட்கார்ந்ததற்குப் பெட்டி அந்தக் கத்து கத்தியது. இத்தனை பேரின் மூச்சைக் கவனிக்கிற கார்டைப் பிடுங்கியபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரண்ட் போய் வரும்போதெல்லாம் மணி அலறுகிறது என்று அன்றைக்கு முதலாளி குதித்ததால், சென்சாரிலிருந்து தகவல் வராவிட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்படி நீ மாற்றிக் கொடுத்தாய். அது இன்னும் சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்கிறது.

கார்டை எடுத்துக்கொண்டு சின்ன முதலாளியிடம் போனேன். அவர் நல்ல பிள்ளைதான், நின்று கேட்டார். மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டார். அந்தப் பெட்டியில் இந்த மாதிரி கார்டுக்கு ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்கிறதாம், அதில் இப்போது கேமராத் திரையின் கார்டு உட்கார்ந்திருக்கிறது. ஒன்று அது, இல்லையென்றால் இது. வேறு ஸ்லாட்டில் பொருந்துகிற மாதிரி திரைக் கார்டு ஒன்றைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பார்க்கிறேன் என்றார் மெக்கானிக். தேடு தேடு என்றார் சின்ன முதலாளி. கேமராவைக் கொஞ்ச நாள் நிறுத்தலாமே என்றேன். அவர் சிரித்துவிட்டு, அண்ணே, நீங்க இருக்கும்போது மணி எதுக்கு, நீச்சல் தெரிஞ்சவன் படகைத் தேடின கதையா இருக்கே என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மூக்கண்ணனுக்கு வயசாயிடுச்சு, மூக்குக்குத் துணை கேக்குறாரு என்றார் கணக்கர்.

நானும் சிரித்தேன்.

உன் அக்காவிடம் சொன்னேன். மூக்கு இல்லைன்னு சொல்லிடுங்க என்றாள். சொன்னால் இயந்திர அறையில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள் என்றேன். சொன்னா வேலை போகும், சொல்லாட்டி என்ன போகும்னு நீங்களே பாத்துக்குங்க என்றாள். சீசன் முடியட்டும், பெரிய ஆர்டர் போகட்டும், அதற்குள் மெக்கானிக்குக் கார்டு கிடைத்துவிடும் என்றேன். அவள் வாதாடவில்லை. அவள் வாதாடாமல் விட்டால் எனக்குப் பயம் என்று உனக்குத் தெரியும்.

கடிதத்தை இங்கே முடிக்க நினைத்தேன். இப்போதுதான் அவள் துணி மடித்துக்கொண்டே, இன்னிக்குக் கூடத்துல எல்லாருக்கும் கண் எரிஞ்சுது என்றாள். இன்னும் வெங்காயமா என்று கேட்டேன்.

வெங்காய லோடு முந்தாநாளே முடிஞ்சுபோச்சு, இன்னிக்குப் பட்டாணி என்றாள்.

உன் அத்தான்

* * *

அன்பு மச்சானுக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீ தூரத்திலிருந்து படிக்கிறவன், எதையும் ஊகிக்க விடக்கூடாது.

பட்டாணி நாளுக்கு மறுநாள் காலையில், ஆட்கள் வருமுன் கந்தகக் குச்சியைக் கொளுத்திக்கொண்டு குழாய் நெடுகப் போனேன். அம்மோனியா இருக்கிற இடத்தில் அந்தப் புகை வெள்ளையாகத் திரளும், பார்க்கக் கண் போதும், மூக்கு வேண்டாம். நடைவழியில், வெட்டுக்கூடத்தின் மேற்கூரையை ஒட்டிப் போகிற குழாயின் வால்வுக் கழுத்தில் பால் ஊற்றினாற்போல் வெள்ளை. இறுக்கினேன், புகை மெலிந்தது. போகவில்லை, மெலிந்தது. உள்ளே கசிவை அடைக்கிற பேக்கிங் தேய்ந்துவிட்டது, இனிமேல் இறுக்கினால் கழுத்தே கையோடு வந்துவிடும்.

பெரிய முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். வால்வை மாற்ற அந்தக் குழாயிலிருந்து வாயுவை வெளியேற்றி ஆலையை நிறுத்த வேண்டும். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, சரக்கு போகட்டும்ப்பா, அதுவரைக்கும் உன் மூக்கு இருக்கே, பாத்துக்க என்றார்.

அப்போது சொன்னேன். மூக்கு இல்லைங்கய்யா என்றேன். அவருக்குப் புரியவில்லை. அறைக்கு வந்து சின்ன முதலாளியையும் கணக்கரையும் வைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன். காய்ச்சலில் போய்விட்டது, மணியை வைத்துத்தான் இவ்வளவு காலம் ஓட்டினேன், மணி இப்போது செத்துக் கிடக்கிறது என்றேன். கணக்கர் முதலில் சிரித்தார். நான் கையோடு கொண்டுபோயிருந்த சோதனைப் பாட்டிலைத் திறந்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, வாசம் பார்ப்பதுபோல் நின்றேன். கண்ணீர் வழிந்தது, முகம் சுளிக்கவில்லை. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

கார்டைத் திரும்பச் செருகுவார்கள் என்று நினைத்தேன் மச்சான். அதற்காகத்தான் சொன்னேன். அவர்கள் மூக்கை மாற்றிவிட்டார்கள். நீ வாசலுக்குப் போப்பா, லாரி எண்ணிக்கை பாரு, உள்ளே மூக்கு இருக்கிற ஆளைப் போட்டுக்கறோம் என்றார் பெரிய முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை, பரிவாகத்தான் சொன்னார். வேலையிலிருந்து எடுக்காமல் விட்டது அவர் பெருந்தன்மை என்று கணக்கர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

புது ஆள் நல்லவன். முதல் நாள் நடைவழியிலிருந்து இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்து, என்னண்ணே இது, குடலைப் புரட்டுது, இதுல எப்படி இருந்தீங்க என்றான். அந்த வால்வைக் காட்டி எல்லாம் சொன்னேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை. தேநீர் கிளாஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இப்ப வாசமே இல்லண்ணே, வால்வை மாத்திட்டாங்களா என்று கேட்கிறான்.

மாற்றவில்லை. அவன் மூக்கு பழகிவிட்டது. கந்தகக் குச்சியை அவன் கையில் கொடுத்தேன். எனக்கு எதுக்குண்ணே என்றான். என் மூக்கும் ஒரு காலத்தில் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது அந்தக் கூடத்துக்கு மிச்சம் இருக்கிற மணி உன் அக்காவின் கண்தான். வேலைக்குப் போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். நான் வராட்டி என் இடத்துல வேற ஒருத்தி உக்காருவா, அவளுக்கும் கண் இருக்கு, ஆனா எதுக்கு எரியுதுன்னு தெரியாதே என்றாள். எல்லாப் பெண்களையும் ஈரத்துணி ஒன்று இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் அது வெங்காயத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள். ஒரு தடவை பயந்துட்டா கதவுல ஒருத்தி மேல ஒருத்தி விழுவாங்க, கதவு ஒண்ணுதான் இருக்கு என்றாள். நான் அதை யோசித்திருக்கவில்லை.

நாளைக்கு இரண்டு முதலாளிகளும் ஆர்டர்காரரைப் பார்க்க வெளியூர் போகிறார்கள். தேநீர் இடைவேளையில் நான் இயந்திர அறைக்குள் போகிறேன். புது ஆளிடம் சொல்லிவிட்டேன், அவன் பயந்தான், பிறகு சரி என்றான். பெட்டியை அணைத்துத் திரைக் கார்டைப் பிடுங்கி, அந்த ஸ்லாட்டில் உன் கார்டை வைக்கப் போகிறேன். சின்ன முதலாளி அறையில் திரை கறுத்துவிடும். கணக்கர் ஓடிவருவார். வரட்டும். அதற்குள் நனைத்த துணியை நடைவழிச் சென்சாருக்குக் கீழே பிடித்துவிடுவேன். மணி அடித்துவிட்டால் அத்தனை பேர் காதிலும் விழும், அதற்குப் பிறகு அதை யாரும் மோடம் என்று சொல்ல முடியாது. அடித்த கையோடு வால்வை மாற்றாமல் யாரும் உள்ளே போவதில்லை என்று உன் அக்கா முடிவு செய்திருக்கிறாள். அது அவள் பொறுப்பாம், நான் வாயைத் திறக்கக்கூடாதாம்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இழுப்பறையில் பேனாக்களோடு உருண்ட கார்டு உயிரோடு இருக்குமா? அதன் தங்கப் பல்லை இன்று மாலை ரப்பரால் தேய்த்தேன். உன் மருமகளின் ரப்பர்தான். எதை அழிக்கறீங்கப்பா என்று கேட்டாள். அழுக்கை என்றேன். மெமரி பட்டையை மெக்கானிக் எப்படி அழுத்தினார் என்று பார்த்திருக்கிறேன், இரண்டு முனையையும் ஒரே சீராக. அதேபோல் செய்வேன்.

இடைவேளையில் பெண்கள் யாரும் கூடத்துக்குள் இருக்க மாட்டார்கள். தேநீர் ஆறிப்போச்சு என்று சண்டை கிளப்பி எல்லோரையும் பக்கவாட்டு முற்றத்துக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்கிறாள். சண்டை கிளப்ப உன் அக்காவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று எந்தப் பக்கம் வீசினால் முற்றத்திலிருந்து எந்த வாசலுக்கு ஓட வேண்டும் என்று அவளுக்குக் காட்டியிருக்கிறேன். இரண்டு நாளாகக் காற்றே இல்லை. கொடியில் போட்ட துணி அசையவில்லை. அதற்குள் வால்வுக் கழுத்து விட்டுப்போனால் வாயு கலையாமல் அங்கேயே நிற்கும், அது எனக்குப் பிடிக்கவில்லை. அவளிடம் சொல்லவில்லை. அவளும் மாலையில் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாளை என்பது பழைய கதையாகியிருக்கும். எந்தத் துறைமுகமானாலும் சரி, இறங்கியதும் எனக்குப் போடாதே. அக்காவின் எண்ணுக்குப் போடு. அவளே எடுத்தால் நீ எதுவும் கேட்க வேண்டாம், நீ வாயைத் திறக்குமுன் மணி அடித்த கதையை அவளே மூச்சு விடாமல் சொல்லித் தீர்ப்பாள். நீ சும்மா ம் கொட்டு. வேறு யாராவது எடுத்தால், கப்பலிலிருந்து விடுப்பு வாங்கிக்கொண்டு கிளம்பி வா. உன் மருமகள் அடுத்த வீட்டில் இருப்பாள், சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ இருக்கிற கடலில் காற்று நல்ல பக்கமாக வீசட்டும். கொஞ்சம் இங்கேயும் வீசட்டும்.

உன் அத்தான்